12 வருடம் தாமதமாக வந்த சிரிப்பு

2025 பொங்கலுக்கு அஜித்தின் 'விடாமுயற்சி' வரும் என்றுதான் தியேட்டர்காரர்கள் நம்பியிருந்தார்கள். புத்தாண்டு பிறக்கிற நேரத்தில் படம் தள்ளிப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. காலியான திரைகளைப் பிடிக்க ஆளாளுக்கு ஓடிய அந்த நெரிசலில், யார் கணக்கிலும் இல்லாத ஒரு படம் உள்ளே நுழைந்தது. சுந்தர்.சி இயக்கி விஷால், சந்தானம், அஞ்சலி, வரலட்சுமி நடித்த 'மத கஜ ராஜா'. 2013 பொங்கலுக்கே வந்திருக்க வேண்டிய படம். பணச் சிக்கலில் பெட்டிக்குள் போய், ஏறக்குறைய எல்லோரும் மறந்தபின், 2025 ஜனவரி 12 அன்று திரைக்கு வந்தது.

வந்த சுருக்கில் காணாமல் போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கூட்டம் சேர்ந்தது. முக்கியமாக, மனோபாலா பிணமாகக் கிடக்க அவரைச் சுற்றி நடக்கும் அந்த நீண்ட கலாட்டாவில் தியேட்டர் குலுங்கியது. மனோபாலா 2023இலேயே இறந்துவிட்டார். இறந்துபோன மனிதர் இறந்தவராக நடித்ததைப் பார்த்து ஊரே விழுந்து விழுந்து சிரித்தது என்று சொன்னால் கேட்க ஒரு மாதிரிதான் இருக்கும். அரங்கில் அப்படி யாருக்கும் தோன்றவில்லை. 'நல்லா சிரிச்சிட்டுப் போறோம்ணே' என்பதுதான் வெளியே வந்தவர்களின் பொதுப்பேச்சு.

எதிர்ப்பேச்சும் இருந்தது. கதாநாயகிகளை இப்படியா காட்டுவது, குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது, கதை என்று ஒன்று உண்டா, இந்தக் காலத்திலும் இதற்கெல்லாம் சிரிப்பார்களா என்று கேட்டவர்கள் குறைவில்லை. ஒரே காட்சி, ஒரே வரிசை இருக்கைகள், நேர் எதிரான இரண்டு தீர்ப்புகள். ஸ்லாப்ஸ்டிக் எனப்படும் அடி, உதை, தடுக்கி விழல், தலையில் பொருள் விழல் வகை நகைச்சுவைக்கு இது பழகிப்போன கதைதான். 'ரசனை ஆளுக்கு ஆள் மாறும்' என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இவர்கள் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு வேறுவேறு கருத்துச் சொல்வதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அவர்கள் பார்த்ததே வேறுவேறு படங்கள்.

முதலில் 'குடும்பப் படம்' என்ற சங்கதியை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் 'குடும்பத்தோட பார்க்கலாம்' என்று ஒருவர் சொன்னால் படம் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. நெளிய வைக்கும் காட்சி இல்லை என்றுதான் பொருள். முத்தம் இல்லை, இரட்டை அர்த்தம் இல்லை, ரத்தம் அதிகம் இல்லை; அவ்வளவுதான் சான்றிதழ். இதில் வேடிக்கை என்னவென்றால், வேலைக்காரனைப் பளாரென்று அறைவதோ, குண்டானவரை உருட்டி விளையாடுவதோ, மனைவி பூரிக்கட்டையால் புருஷனை வெளுப்பதோ அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. அவை 'நல்ல காமெடி'. நெளிச்சல் என்பது நமக்குப் பெரும்பாலும் பாலுறவு சார்ந்த விஷயம். வன்முறை, அதுவும் சிரிப்புச் சத்தத்தோடு வந்தால், பெரியவர்களும் சின்னவர்களும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கத் தக்கது.

இந்தக் 'குடும்பத் தகுதி'க்கு ஒரு காலத்தில் ரொக்க மதிப்பும் இருந்தது. 2006இல் கருணாநிதி அரசு தமிழில் தலைப்பு வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு கொடுத்தது. 2011இல் ஜெயலலிதா அரசு அதை மாற்றி, தலைப்பு மட்டும் போதாது, தணிக்கையில் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற 'யு' சான்றிதழும் வேண்டும் என்றது. 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை 'யு'வுக்கும், சிறுவர்கள் பெரியவர் துணையோடு பார்க்க வேண்டிய 'யு/ஏ'வுக்கும் நடுவே நின்றது வசூலில் ஒரு கணிசமான பங்கு. தயாரிப்பாளர்கள் அந்த ஓர் எழுத்துக்காக வசனத்தை வெட்டினார்கள், காட்சியைக் குறைத்தார்கள். அடி வாங்கும் காமெடிக்கு இதில் சௌகரியம் அதிகம். தலையில் பானை உடைந்தால் எந்தத் தணிக்கை அதிகாரி தடுப்பார்? 2024 முதல் 'யுஏ' சான்றிதழை 7+, 13+, 16+ என்று வயதுவாரியாகப் பிரித்துத் தருகிறார்கள். டிக்கெட் எடுக்கும் அப்பா அம்மாக்களுக்குக் கொஞ்சம் துப்புக் கிடைக்கும். ஆனால் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிற வழக்கம் நம் குடும்பங்களுக்கு இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா போய்விட்டு வந்து சொல்வதுதான் சான்றிதழ்.

ஆக, குடும்பமாகப் போகிறவர்களின் கருத்து தனி ஒருவரின் கருத்தல்ல. ஏழு வயதுப் பையன் சிரித்தானா, காது மந்தமான பாட்டி தூங்காமல் இருந்தாரா, மாமியாரோடு உட்கார்ந்திருந்த மருமகள் தலைகுனிய நேர்ந்ததா என்று எல்லாம் சேர்ந்துதான் வீடு திரும்பும்போது ஒரு தீர்ப்பு உருவாகிறது. காசு கொடுத்தவருக்குப் படம் பிடித்ததா என்பது இதில் கடைசிக் கேள்வி. ஸ்லாப்ஸ்டிக் இந்தக் கூட்டத்துக்கு ஏன் தோதாக இருக்கிறது என்பதும் இங்கேதான் தெரியும். வசனம் புரியாத குழந்தைக்கும், வசனம் கேட்காத பாட்டிக்கும், தமிழ் சரியாகப் பேசவராத வெளிநாட்டுப் பேரனுக்கும் ஒருவர் வாளியில் கால் விட்டு வழுக்கி விழுவது ஒரே நொடியில் புரிகிறது.

அதே படத்தை விமர்சகர் தனியாளாகப் பார்க்கிறார். கையில் குறிப்பேடு இருக்கிறது, பக்கத்தில் பேரன் இல்லை. கதை எங்கே, பாத்திரம் எங்கே, காரண காரியம் எங்கே என்று அவர் கேட்கத்தான் செய்வார். 'லாஜிக் பார்க்காம பாருங்க', 'மூளையைக் கழட்டி வச்சிட்டுப் போங்க' என்ற நம் ஊர் வாசகங்கள் எல்லாம் அவருக்குச் சொல்லப்படும் பதில்கள்தான். எனக்கு அந்த வாசகங்கள் மேல் அவ்வளவு மரியாதை கிடையாது. ஒருவர் காலை வைக்கிற நொடிக்கும் வழுக்குகிற நொடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது கறாரான கணக்கு. அதைப் போடத் தெரிந்தவருக்கும் பார்க்கிறவருக்கும் மூளை நன்றாகவே வேலை செய்ய வேண்டும்.

இந்த விமர்சகர்–ரசிகர் இழுபறி நம் ஊரோடு நிற்பதில்லை. 1990 நவம்பர் 16 அன்று அமெரிக்காவில் 'ஹோம் அலோன்' வந்தது. குடும்பம் மறந்து விட்டுவிட்டுப் போன எட்டு வயதுச் சிறுவன், வீட்டுக்குள் நுழையப் பார்க்கும் இரண்டு திருடர்களைச் சூடான கதவுப்பிடி, பெயின்ட் டப்பா, இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றால் பதம் பார்க்கும் கதை. பெரிய விமர்சகரான ரோஜர் ஈபெர்ட் நாலு நட்சத்திரத்துக்கு இரண்டரைதான் போட்டார். ஒரு பொடியன் இத்தனை பொறிகளை இவ்வளவு துல்லியமாக வைக்கிறான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. ஜனங்கள் தொடர்ந்து 12 வாரம் படத்தை முதலிடத்தில் உட்காரவைத்தார்கள். உலக வசூல் 47 கோடி டாலரைத் தாண்டியது. போலந்தில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அது தொலைக்காட்சியில் வருவது பண்டிகைச் சடங்குபோல ஆகிவிட்டது. 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பதிவேட்டில் அதைச் சேர்த்தது. ஈபெர்ட் தவறு என்று சொல்ல மாட்டேன். நம்பகத்தன்மையைப் பற்றி அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் குழந்தைகளுக்கு அந்தக் கேள்வியே இல்லை. பெரியவர்கள் சறுக்கி விழ வேண்டும், தன்னைப்போல் ஒருவன் அதைச் செய்ய வேண்டும். அந்த ஆசை நிறைவேறியது.

அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 1990 தீபாவளிக்கு, இங்கே 'மைக்கேல் மதன காமராஜன்' வந்திருந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், நான்கு கமல். வசனத்துக்காகவே கொண்டாடப்படும் படம் என்றாலும் அதன் உச்சக்கட்டம் முழு ஸ்லாப்ஸ்டிக். மலை விளிம்பில் ஊசலாடும் வீட்டுக்குள் எல்லோரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்து ஓடுவார்கள். 1925இல் சாப்ளின் 'தி கோல்ட் ரஷ்' படத்தில் செய்த குடிசைக் காட்சியின் வாரிசு அது. நான்கு கமலில் ஒருவரான சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழை அப்பா ரசிப்பார். வீடு சாய்வதைப் பையன் ரசிப்பான். இரண்டு பேரும் 'படம் சூப்பர்' என்பார்கள், வேறுவேறு காரணத்துக்காக.

அடுத்தது, எங்கே உட்கார்ந்து பார்த்தோம் என்பது. சிரிப்பை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். சிரிப்பு நகைச்சுவைக்குக் கிடைக்கும் பதில் என்பதைக் காட்டிலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும் சைகை என்பது அவர் வாதம். மற்ற வகைப் படங்களைவிட அடி வாங்கும் காமெடிக்கு இது அதிகம் பொருந்தும். நல்ல சிலேடையைத் தனியாகப் படித்தாலும் உதட்டோரம் ஒரு புன்னகை வரும். ஒருவர் சேற்றில் விழுவதைத் தனியாக, இரவு பதினோரு மணிக்கு, கைபேசியில், காதில் ஒயரோடு பார்த்தால் 'சரி, அப்புறம்?' என்றுதான் இருக்கும். பண்டிகை நாளில் நிறைந்த அரங்கில் பால்கனியிலிருந்து கிளம்பும் சிரிப்பு கீழே இருப்பவனையும் இழுத்துக்கொண்டு போகும். 'தியேட்டர்ல செம, ஓடிடியில மொக்கை' என்று சொல்கிறவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசவில்லை. இரண்டுமே அவர் அனுபவித்த உண்மை. மத கஜ ராஜாவைப் பொங்கல் கூட்டத்தில் பார்த்தவருக்கும் பிறகு வீட்டில் தனியாகப் பார்த்தவருக்கும் நடுவே ஒரு சண்டை நடந்தால் அதில் யார் பக்கம் நியாயம் என்று தேடுவது வீண்.

இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும் படம் 'பிரெண்ட்ஸ்'. மலையாளத்தில் 1999இல் சித்திக் எடுத்த படத்தை அவரே தமிழில் விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணாவை வைத்து எடுத்தார். 2001 பொங்கலுக்கு வந்தது. அதே பொங்கலுக்கு அஜித்தின் 'தீனா'வும் வந்தது. ஆகவே முதல் வாரத்தில் எழுந்த கருத்துகளில் பாதி விஜய்–அஜித் ரசிகர் சண்டை. படமோ இரண்டு துண்டு. முதல் பாதியில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியாக வடிவேலு, வேலைக்கு வந்தவர்களால் படாத பாடு படுகிறார். பின்பாதி பழைய ரகசியம், நட்பு முறிவு, கண்ணீர் என்று திரும்பிவிடும். அன்று பார்த்தவர்கள் இரண்டுக்கும் சேர்த்துத்தான் மதிப்புப் போட்டார்கள். சிலருக்கு அந்தக் கண்ணீர்ப் பகுதிதான் படமே.

இன்று பிரெண்ட்ஸ் என்றால் யாருக்கு நினைவு வருவது எது? கையிலிருந்து நழுவிய சுத்தியல், நேசமணியின் மண்டை, நொறுங்கிய பழைய கடிகாரம், பிறகு அந்த ஆணி விவகாரம். 'நீ புடுங்குறது எல்லாமே தேவையில்லாத ஆணிதான்' என்ற வசனத்தை அலுவலகக் கூட்டங்களில் மேலாளரைப் பார்த்து மனதுக்குள் சொல்லாத தமிழர் இருந்தால் ஆச்சரியம். பின்பாதிக் கதையைக் கேட்டால் பலருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். படத்தைத் துண்டு துண்டாகத்தான் தொலைக்காட்சி கொடுத்தது. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற நகைச்சுவைச் சேனல்கள் 24 மணி நேரமும் படங்களிலிருந்து காமெடியை மட்டும் வெட்டி ஓட்டின. 2001க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு நேசமணி ஒரு படத்தின் பாத்திரமே அல்ல. சாப்பிடும்போது டிவியில் வரும் ஒரு மாமா.

2019 மே மாதக் கடைசியில் அது உலகத்துக்கே தெரிந்தது. கட்டடப் பொறியியல் தொடர்பான ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு 'உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்' என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், ஜமீன் அரண்மனையில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை இதுதான் பதம் பார்த்தது என்று சீரியஸாக எழுதினார். இன்னொருவர் 'இப்போது அவர் நலமா' என்று விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் மேலே போனது. டெல்லியில் நரேந்திர மோடி இரண்டாம் முறை பதவியேற்ற அதே நாட்கள். விஷயம் தெரியாத வடநாட்டுக்காரர்கள் பலர் யாரோ நிஜமான மனிதர் மருத்துவமனையில் கிடக்கிறார் என்று நம்பிவிட்டார்கள். 18 வருடம் பழைய ஒரு சுத்தியலடிக்கு இதைவிடப் பெரிய ரசிகர் தீர்ப்பு கிடைக்காது. ஆனால் அது படத்துக்குக் கிடைத்த தீர்ப்பல்ல, அதிலிருந்து வெட்டி எடுத்த சில நிமிடங்களுக்குக் கிடைத்தது.

தமிழ்ப் படத்தில் காமெடியை இவ்வளவு சுலபமாக வெட்டி எடுக்க முடிவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அது ஆரம்பத்திலேயே தனியாகத்தான் தைக்கப்பட்டது. என்.எஸ்.கிருஷ்ணன் காலத்தில் அவர் தன் குழுவோடு தனியாக ஒரு கிளைக்கதையை உருவாக்கிப் படத்துக்குள் வைப்பார். 1980களில் 'காமெடி டிராக்' என்ற பெயரில் அது ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. கவுண்டமணி–செந்திலுக்கு எழுதிய ஏ.வீரப்பன் அதில் பெரிய கை. 1989இல் வந்த 'கரகாட்டக்கார'னின் வாழைப்பழக் காட்சி அவர் கைவண்ணம். 'படம் சுமார், காமெடி சூப்பர்' என்று ஒரே மூச்சில் இரண்டு மதிப்பெண் சொல்லும் வழக்கம் நம்மிடம் மட்டும் இவ்வளவு இயல்பாக இருப்பது இதனால்தான். வேறு ஊர்க்காரருக்கு அந்த வாக்கியம் விசித்திரமாக இருக்கும். காமெடி சூப்பர் என்றால் காமெடிப் படம் எப்படிச் சுமாராகும்?

சுந்தர்.சியின் 'வின்னர்' இதற்கு உச்சமான உதாரணம். 2003இல் வந்தது, பிரசாந்த் கதாநாயகன். அதில் வடிவேலு நடித்த கைப்புள்ளயும் அவருடைய வருத்தப்படாத வாலிபர் சங்கமும் வாங்கிய அடிகள் ஊருக்கே மனப்பாடம். கதாநாயகனுக்குப் படத்தில் என்ன பெயர் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? பத்து வருடம் கழித்து அந்தச் சங்கத்தின் பெயரிலேயே சிவகார்த்திகேயன் நடிக்க இன்னொரு படம் வந்தது. டிராக் தாய்ப்படத்தைத் தின்றுவிட்டது.

இதற்கு மாறான வழி ஒன்றும் இருந்தது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) காமெடியையும் கதையையும் பிரிக்கவே முடியாது. சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ், அப்பா விசுவநாதனாக டி.எஸ்.பாலையா. பேய்க்கதையை மகன் சத்தங்களோடு சொல்லச் சொல்ல அப்பா நடுங்குவாரே, அந்தக் காட்சியில் யாரும் யாரையும் தொடுவதுகூட இல்லை. அடி இல்லை, விழல் இல்லை. ஆனால் அது முழுக்க உடம்பால் செய்யப்பட்ட நகைச்சுவை: பாலையாவின் கண்கள், தாடை, நாற்காலியின் ஓரத்துக்கு நகரும் உடல். அறுபது வருடமாக அந்தக் காட்சியைப் பற்றி எதிர்க்கருத்து என்று ஒன்றை நான் கேட்டதில்லை. பாட்டியும் பேத்தியும் ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள்.

அடிக்கிற காமெடிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே காலம் போகப்போகக் கருத்து மாறுகிறது, மாறுவதற்குக் காரணமும் இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களை 'எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப்பட்ட நகை நான்கென்ப' என்று நான்காகச் சொல்கிறது. எள்ளல் கேலி, இளமை சிறுபிள்ளைத்தனம், பேதைமை அறியாமை, மடன் சொன்னதை அப்படியே நம்பிவிடும் வெள்ளை மனம். இதில் எள்ளலை உரைகாரர்கள் மேலும் இரண்டாகப் பிரிப்பார்கள்: தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது. நம் காமெடியின் இரண்டு பெரிய பள்ளிகளும் இந்தப் பிரிவுக்குள் அடங்கிவிடுகின்றன.

கவுண்டமணி எள்ளுகிறவர். எதிரே நிற்பவரின் நிறம், தலை, தொப்பை எதையும் விடமாட்டார். கடைசியில் செந்தில் முதுகில் ஓர் உதை. அந்த வேகமும் எதிர்ப்பேச்சும் அசாத்தியமானவை, பணக்காரர், அரசியல்வாதி, சினிமாக்காரர் யாருக்கும் அவர் அடங்குவதில்லை என்பதால் அதில் ஒரு விடுதலையும் இருந்தது. ஆனால் இன்று இருபது வயதில் இருப்பவர் அதைப் பார்க்கும்போது எதற்காக அந்த மனிதரை இப்படி உதைக்கிறார்கள், நிறத்தைச் சொல்லித் திட்டினால் எப்படிச் சிரிப்பது என்று கேட்கிறார். 'அந்தக் காலத்துல நாங்க யாரும் தப்பா எடுத்துக்கல' என்று பெரியவர்கள் சொல்வது முழு உண்மையல்ல. பள்ளியில் அதே பட்டப்பெயரைச் சுமந்த பிள்ளைகள் தப்பாக எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் கருத்தை அப்போது யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வடிவேலு எள்ளப்படுகிறவர். வீரம் பேசிக்கொண்டே போய் அடி வாங்கி, திரும்பி வரும்போது 'அவனுக்கு என்ன அடி' என்று கதை கட்டுகிறவர். கைப்புள்ள, 'தலைநகர'த்தின் நாய் சேகர், நேசமணி எல்லோரும் ஒரே குடும்பம். உதை விழுவது அவர் மேல். அந்த உதையை வரவழைப்பதும் அவருடைய வீராப்பே. பார்க்கிறவர் அவரைப் பார்த்துச் சிரிப்பதோடு தன் வீராப்பையும் அங்கே பார்த்துவிடுகிறார். அலுவலகத்தில் திட்டு வாங்கிய நாளில் கைப்புள்ளயின் படத்தை எடுத்துப் போட்டுக்கொள்வது அதனால்தான் முடிகிறது. செந்திலை உதைக்கும் கவுண்டமணியாகத் தன்னை நினைத்துக்கொள்ளக் கொஞ்சம் தைரியம் வேண்டும். வடிவேலு காட்சிகள் பெரிய எதிர்ப்பில்லாமல் தலைமுறை தாண்டி வந்திருப்பதற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய படங்களிலும் நிறக்கேலியும் பெண்களைப் பற்றிய மட்டமான பேச்சும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அந்தத் துண்டுகள் மெல்ல மெல்லப் பகிரப்படாமல் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. ரசிகர்கள் சத்தமில்லாமல் தணிக்கை செய்கிறார்கள்.

இனி மத கஜ ராஜாவுக்குத் திரும்பினால் அதன் இரண்டு தீர்ப்புகளும் புரிகின்றன. மனோபாலாவின் பிணக் காட்சியில் எள்ளல் குறைவு. செத்தவரை உயிரோடிருப்பதுபோல் காட்டத் தவிக்கிறவர்களின் பேதைமையும் அதை நம்புகிறவர்களின் மடனும்தான் சிரிப்பைத் தருகின்றன. அது 2013இல் வந்திருந்தாலும் 2025இல் வந்தாலும் வேலை செய்திருக்கும். நாயகிகளை வைத்து அடிக்கப்பட்ட ஜோக்குகள் வேறு ரகம். அவை எடுத்த வருடத்தின் முத்திரையோடு வந்தன. 2013இல் பத்தோடு பதினொன்றாக யார் கண்ணிலும் படாமல் போயிருக்கக்கூடியவை, 12 வருடம் அப்படியே பதப்படுத்தி வைத்துத் திறந்தபோது பலருக்கு முகம் சுளிக்க வைத்தன. படத்தைக் கொண்டாடியவர் முதல் ரகத்தைச் சொல்கிறார், திட்டியவர் இரண்டாவதை. இருவரும் சரி.

கொண்டாட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதற்கும் படத்துக்கும் சம்பந்தம் குறைவு. படம் பெட்டிக்குள் கிடந்த அந்த 12 வருடத்தில் தமிழ் சினிமாவில் காமெடியன் என்ற இடமே கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது. சந்தானம் 2014 முதல் கதாநாயகனாகிவிட்டார். வடிவேலு சில வருடம் படமில்லாமல் இருந்தார். விவேக் 2021இலும் மயில்சாமி, மனோபாலா இருவரும் 2023இலும் மறைந்தார்கள். பெரிய நடிகர்களின் படங்கள் துப்பாக்கியும் ரத்தமுமாக மாறின. பண்டிகைக்குப் பிள்ளைகளோடு போக எதுவும் இல்லை என்ற புலம்பல் வருடா வருடம் கேட்டது. பழைய சந்தானம், நாயகனுக்குப் பக்கத்தில் நின்று கவுன்ட்டர் அடிக்கும் சந்தானம், திடீரென்று பெரிய திரையில் வந்து நின்றபோது ஜனங்கள் கைதட்டியது அந்தப் பஞ்சத்துக்கும் சேர்த்து. புதுப் படமாக எடுத்திருந்தால் கிடைக்காத மன்னிப்பு பழைய படம் என்பதால் கிடைத்தது.

இதை நிரூபிக்க ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2025 ஏப்ரல் 24 அன்று அதே சுந்தர்.சி, 15 வருட இடைவெளிக்குப் பிறகு வடிவேலுவோடு சேர்ந்து 'கேங்கர்ஸ்' கொடுத்தார். மாறுவேடம், துரத்தல், அடி வாங்கல் எல்லாம் இருந்தன. கருத்துகளோ கலவையாக வந்தன. சிரித்தவர்களும் 'பரவாயில்லை' என்ற அளவில் நின்றார்கள், நிறையப் பேர் 'தலைநகரம் வடிவேலு இல்லையே' என்றார்கள். அந்தப் புகாரைச் சொன்னவர்களில் பலர் தலைநகரத்தை 2006இல் தியேட்டரில் பார்த்தவர்கள் அல்ல. பல வருடம் டிவியில் அதன் மிகச் சிறந்த எட்டு நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள். இரண்டே கால் மணி நேரப் புதுப் படம் எது வந்தாலும் அந்த எட்டு நிமிடத்தோடுதான் போட்டி போட வேண்டியிருக்கிறது.